பசியும் ஒரு படைக்கலமே

மயிலாப்பூரின் கடற்புறமாய்ச் சாந்தோம் நெடுஞ்சாலையில் செல்லும் நாம், அங்கே ஒருகாலத்தில் மதில் சூழ்ந்த நகரொன்று இருந்ததை எண்ணுவதில்லை. போர்த்துக்கீசியர் எழுப்பிய அக்கோட்டையை 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை கைப்பற்றியது. 1672 ஜூலையில் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஏ கடல்வழி வந்து அதனைப் பறித்துக்கொண்டார். சுல்தானின் படை நிலப்புறத்தை வளைத்தது; டச்சுக்காரர் கடல்வழியை அடைத்தனர். பீரங்கிகள் முழங்கின. எனினும் 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரரைப் பணியவைத்தது உணவின்மையே.

பீரங்கிக்கு முந்திய நாளில் மதில்களை இடிக்க மின்ஜனீக் என்னும் கல்லெறி பொறி இருந்தது. நீண்ட மரத்தின் ஒரு முனையில் பெரும்பளு, மறுமுனையில் கவண். பளு தாழக் கவண் உயர்ந்து பாறையை வீசும். சலாஹுத்தீன் அய்யூபிக்காகத் தர்சூஸி என்னும் அறிஞர் 12ஆம் நூற்றாண்டில் இத்தகைய பொறிகளை விளக்கி நூலே எழுதினார்.

அப்பொறியைக் காட்டிலும் குருதி சிந்தாத முற்றுகை மேலானது என்பார் உளர். அது மெய்தானா? கல்லை மதிலை நோக்கி எறியலாம். பசிக்கு அவ்வாறு குறிவைக்க இயலாது. களஞ்சியம் குறையும்போது வாளேந்தும் கைக்கே முதற்கவளம் போகிறது. குழந்தைகளும் முதியோரும் பிணியாளரும் முதலில் வாடுகின்றனர். போரிடாதவரை வதைத்துப் போரிடுவோரைப் பணியவைக்கும் படைக்கலம் அது.

"உள்ளிருப்போர் சரணடைந்தால் பசி தீருமே, பழி அவர்களுடையதன்றோ?" என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் சரணடைவதா வேண்டாவா என்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையை எவரும் கேட்பதில்லை. வழியை அடைத்து நிற்பவனுக்கும் அப்பழியில் பங்குண்டு.

முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்றுப் பாட்டு, பெண்டிரும் பிணியுற்றோரும் பாதுகாப்பான இடம் சேருமாறு முன்னரே அறிவிக்கும் அறநெறியைப் போற்றுகிறது. பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது என்று கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் படைத்தலைவருக்குக் கட்டளையிட்டார்கள். பொதுமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்ளலாகாதென உலக நாடுகள் 1977இல்தான் ஜெனீவா உடன்படிக்கையின் கூடுதல் நெறிமுறைகளில் எழுதிவைத்தன. எழுதியும், இன்றுவரை உலகில் பட்டினி முற்றுகைகள் ஓய்ந்தபாடில்லை.

630இல் தாயிஃப் நகரை முற்றுகையிட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மதில் வீழுமுன்பே முற்றுகையை நீக்கித் திரும்பினார்கள். பின்னர் அந்நகரத்தார் தாமே தூதனுப்பி இணைந்தனர். மதிலை வெல்லும் வழிகள் பல. மனத்தை வெல்லப் பசி உதவுவதில்லை. முற்றுகையிடும் வலிமை பெற்றவன், அதை நீக்கும் வலிமையும் தனக்குண்டென்பதை மறவாதிருத்தல் வேண்டும்.