புலியும் லாரியும்

"நாவல் மாதிரி இல்லைப்பா." தியேட்டரை விட்டு வெளியே வரும்போது நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சில், குளிர் இறங்கிய ஒரு ராத்திரி. ஒரு பெரியவர் 'முள்ளும் மலரும்' கதையைச் சொன்னார். விஞ்ச் ஓட்டும் காளி, தங்கை வள்ளி, இன்ஜினீயர். பாதி நிகழ்ச்சிகளைத் தம் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார். ஆனால் வள்ளி அண்ணனிடம் ஓடி வரும் இடம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆறியது. அந்த இடத்தில் ஒரு பிழையும் இல்லை.

அந்தக் கதையைப் படமாக்கிய இயக்குநர் மகேந்திரன் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். உமாசந்திரனின் நாவல் 1966இல் கல்கி வெள்ளி விழாப் போட்டியில் பரிசு வாங்கியது. படம் 1978இல் வந்தது. நாவலில் காளியின் கையைக் கொண்டுபோவது புலி. படத்தில் லாரி. புலி இல்லையே என்று படத்தைக் குறை சொன்னவரை நான் பார்த்ததில்லை. அந்த அண்ணன் காணாமல் போயிருந்தால் படமே போயிருக்கும்.

கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வள்ளிக்கும் இன்ஜினீயருக்கும் கல்யாணம் என்று கிளம்பிய கூட்டம். எதிரே தனியாகக் காளி. ஊரே வள்ளி பக்கம் நிற்கிறது. வள்ளியோ எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடுகிறாள். அவன் உருகிப்போகிறான், சம்மதமும் தருகிறான். ஆனால் மாப்பிள்ளையை இப்போதும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறான்! வேறு சினிமாவாக இருந்தால் அவனைத் திருத்திக் காலில் விழ வைத்திருக்கும். மகேந்திரன் அவன் முரட்டுத்தனத்தைச் சீவி எடுக்கவில்லை. மூலத்துக்கு விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்த ஆண்டே 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து புறப்பட்டு வெகுதூரம் போய்விட்ட படம். ஆனாலும் டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயர் இருந்தது. ஊரை விட்டுப் போனவர் வீட்டு விலாசத்தை மறக்கவில்லை.

உங்களுக்குப் பிடித்த நாவல் அடுத்து படமாகி வந்தால், கையில் பென்சிலோடு போய் உட்காராதீர்கள். விட்டுப்போன அத்தியாயங்களை வீட்டுக்கு வந்தும் எண்ணிக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தாரே, அப்படி ஓர் இடம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.