மாட்டேன் என்று சொல்ல முடிகிற வரை

மயிலாடும்பாறையிலிருந்து உப்புத்துறை போய், அங்கிருந்து மலையேறிச் சதுரகிரி மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பாமல் அந்தப் பக்கம் தாணிப்பாறைக்கு இறங்கினால் வத்திராயிருப்பு வந்துவிடும். அதை ஒட்டியதுதான் அர்ச்சுனாபுரம். நல்லதங்காள் கோவில் அங்கே இருக்கிறது. ஏழு பிள்ளைகளையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தானும் அவள் விழுந்ததாகச் சொல்லப்படும் கிணறும் அங்கேதான். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீடு தேடி வந்தவளை அண்ணி மூளி அலங்காரி விரட்டிய இடமும், பெரிய பையன் தன்னை மட்டுமாவது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிய இடமும் கேட்பவர் வயிற்றைப் பிசையும். ஆனால் கதை எங்கே முடிகிறது என்பதில் சொல்பவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கிணற்றோடு நிறுத்தியவர்கள் உண்டு. அண்ணன் நல்லதம்பி பழிதீர்த்ததோடு நிறுத்தியவர்கள் உண்டு. சிவனும் பார்வதியும் இறங்கி வந்து செத்தவர்களை எழுப்பினார்கள் என்று சொல்லி, கேட்டவர்களின் கண்ணைத் துடைத்து அனுப்பியவர்களும் உண்டு. செத்தவர் பிழைத்து வருவது உலகத்துக்கு ஆகாது என்று எழுந்தவர்களே தெய்வமாகி நின்றுவிட்டார்கள் என்பது இன்னொரு சொல்முறை.

பொறுக்க முடியாத முடிவோடு மல்லுக்கட்டுவது இன்றைய ரசிகர்கள் கண்டுபிடித்த பழக்கம் இல்லை என்பதற்கு அந்த ஒரு கிணறு போதும். கதை ஒருவருடைய பெயரில் இல்லாதவரை இதில் வம்பு ஏதும் வரவில்லை. பிடிக்காதவர் தன் வாயால் வேறு மாதிரி சொன்னார்; பிடித்தவர் கேட்டார். கதைக்கு ஒரு சொந்தக்காரர் வந்தபிறகுதான் கேள்வி கடினமாகிறது. முடிவு பிடிக்கவில்லை என்றால் அவரிடம் போய் மாற்றிக் கொடு என்று கேட்கலாமா? எதுவரை கேட்கலாம்?

இந்தக் கேள்வி நம் காலத்தில் மிகக் கூர்மையாக எழுந்தது வீடியோ கேம் உலகத்தில். கனடாவின் பயோவேர் நிறுவனம் ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விண்வெளிக் கதையை 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. முதல் பாகத்தில் ஒரு தோழனைச் சாகவிட்டால் மூன்றாம் பாகத்திலும் அவன் இருக்கமாட்டான். ஒருவருக்கு இரக்கம் காட்டினால் அந்த இரக்கம் பின்னால் எங்கோ வந்து நிற்கும். ஆடுபவர் எடுத்த முடிவுகளைக் கணக்கு வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் கூடவே வந்த கதை அது. கடைசியில் அத்தனை பேரையும் அது கொண்டுபோய் நிறுத்தியது மூன்று வழிகளின் முன்னால்: அழிப்பது, ஆள்வது, கலப்பது. எதைத் தேர்ந்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான் ஓடியது, வெடிப்பின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறியது. வெளியீட்டுக்கு முன்பு அதன் இயக்குநர் கேசி ஹட்சன், முடிவுகளை ஏ, பி, சி என்று எண்ணிவிடும்படி இருக்காது என்ற பொருளில் பேட்டி கொடுத்திருந்தார். ரசிகர்கள் கொதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போது இரண்டு ஆயத்த பதில்கள் எழுந்தன. படைத்தவர் வைத்ததுதான் முடிவு, வாய்மூடி ஏற்றுக்கொள் என்றது ஒன்று. காசு கொடுத்தவன் கேட்பதைக் கொடு என்றது மற்றது. இரண்டுமே கேள்வியைத் தட்டிக்கழிக்கும் பதில்கள். கதையைப் பாத்திரக் கடைச் சரக்கைப் போல ஓட்டை என்று திருப்பிக் கொடுக்க முடியாது. அதேசமயம், உன் தேர்வுகளுக்கு மதிப்பு உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த வாக்கை நம்பி நூறு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் கொடுத்திருக்கிறார். கலை என்ற சொல்லைக் காட்டி அந்தக் கடனைத் தள்ளுபடி செய்துகொள்வது நேர்மை ஆகாது. நாவல் வாசகரைவிட ஆட்டக்காரருக்கு இங்கே உரிமை கூடுதல் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் பாதியை நடத்தச் சொல்லி அவரிடம்தான் கொடுத்தார்கள்.

அந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் கேட்ட விதம் மறக்கக் கூடாதது. சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறக் கிரீம் பூசிய நூற்றுக்கணக்கான கப் கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். எந்த நிறத்தை எடுத்துக் கடித்தாலும் உள்ளே ஒரே வனிலா. அவர்கள் குறை முழுவதும் அந்தக் கேக்கில் இருந்தது, ஒரு வசவு இல்லாமல். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அமைப்புக்குத் தங்கள் கோரிக்கையின் பெயரில் சுமார் 80,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 2012 ஜூனில் நிறுவனம் நீட்டிய முடிவை இலவசமாக வெளியிட்டது. மூன்று வழிகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு வழியின் பின்விளைவும், கூட வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் சேர்க்கப்பட்டன. கதையின் அடிப்படை மாறவில்லை, பதில் கிடைத்தது.

இதே காரியத்தை அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கல்கி செய்திருக்கிறார். ‘பொன்னியின் செல்வன்’ மூன்றரை ஆண்டு தொடராக வந்து 1954இல் முடிந்தபோது, சட்டென்று நிறுத்திவிட்டார், இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குக் கல்யாணம் நடந்ததா என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி கோபித்துக்கொள்ளவில்லை, கதையையும் திருத்தவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, அந்தக் கேள்விகளை மதித்து எடுத்துக்கொண்டு, சரித்திரக் கதைக்கு முற்றுப்புள்ளி வைப்பதன் சிரமத்தையும் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் திட்டவட்டமாகச் சொல்லாமலே போனார். வாசகர்கள் இன்றைக்கும் அதைப் பேசித் தீர்க்கவில்லை. எதற்குப் பதில் சொல்வது, எதை மூடி வைப்பது என்பது அவர் கையில் இருந்தது.

அது கையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இந்த விவகாரத்தில் அறத்தின் உரைகல். இதை மிகத் துலக்கமாகக் காட்டியது பெருமாள்முருகனின் அனுபவம். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’, மனம் உடைந்த நாயகன் காளி பூவரச மரத்தடியில் நிற்கும் இடத்தில் முடிகிறது. அவன் செத்தானா, பிழைத்தானா என்பது நாவலில் இல்லை. கேட்ட வாசகர்களுக்கு ஆசிரியர் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துபோகிறான், அவன் மனைவி பொன்னா தனியாக வாழ்கிறாள். ‘அர்த்தநாரி’யில் அவன் பிழைத்துக்கொள்கிறான், இருவருக்கும் இடையில் பேச்சு அறுந்துபோகிறது. நிறுவனங்கள் விலை வைத்து விற்கும் பல முடிவுக் கதையை ஒரு தமிழ் எழுத்தாளர் தன் விருப்பத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று நினைத்திருந்தால் அவர் எழுதியிருக்கவே வேண்டியதில்லை. அதனால்தான் அது கொடை.

2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதே நாவலை எரித்தவர்கள் கேட்டது வேறு. அவர்களுடைய கோபம் முடிவைப் பற்றியதல்ல, தேர்த் திருவிழாவைப் பற்றி நாவல் சொன்னதைப் பற்றியது. தங்கள் ஊர்ப் பெண்களை இழிவுபடுத்தியதாக அவர்கள் உணர்ந்தது உண்மையாகவே இருக்கலாம். அந்த வலியைச் சொல்ல அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்பும் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டபோது, மாட்டேன் என்று சொல்லும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது. எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாகவே அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று, அந்தச் சமாதானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்பதையும் எடுத்துச் சொன்னது. கையெழுத்து இருந்தும் அது சம்மதம் ஆகவில்லை. வாசகர் கேட்டு இரண்டு நாவல் எழுதியதும், கூட்டம் மிரட்டி ஒரு நாவலை விலக்கிக்கொண்டதும் வெளியிலிருந்து பார்த்தால் கேட்டதற்கு இணங்கியதாகவே தோன்றும். உள்ளே ஒன்றில் விருப்பம் இருந்தது, மற்றதில் பயம் இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வாங்கமாட்டோம் என்று ரசிகர்கள் சொல்வதும் நெருக்கடிதானே, நிறுவனத்துக்கு அதுவும் பயம்தானே? இருக்கலாம். ஆனால் விற்பனை குறைவது, படைப்பை விற்பனைக்கு வைத்தவர் ஏற்றுக்கொண்டே இறங்கிய ஆபத்து. வாங்காமல் இருப்பதும், பிடிக்கவில்லை என்று ஊரறியச் சொல்வதும், நண்பரைத் தடுப்பதும்கூட நியாயமான எல்லைக்குள் நிற்பவை. நஷ்டத்தோடு தன் முடிவில் நிற்க ஒரு நிறுவனத்தால் முடியும். வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்போது யாராலும் நிற்க முடியாது. ஆனால் இந்த எல்லைக்குள்ளும் ஒரு நேர்மை வேண்டும். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஆட்டத்தின் இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19 அன்று வெளிவந்தது. இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் ஆடினால்தான் அதன் முடிவைப் பார்க்க முடியும். அன்றைக்கே பூஜ்யம் மதிப்பெண் போட்டுக் குவித்தவர்கள் எதைப் பார்த்துப் போட்டார்கள்? முன்கூட்டியே கசிந்த துணுக்குகளைப் பார்த்து. தான் பார்க்காததற்குச் சாட்சி சொல்வது எந்தப் பஞ்சாயத்திலும் தப்புத்தான்.

அந்த ஆட்டத்தில் நடந்த பெரிய தப்பு அதுவும் இல்லை. முதல் பாகத்து நாயகன் ஜோயலை ஆபி என்ற பெண் தொடக்கத்திலேயே அடித்துக் கொல்கிறாள். பாதி ஆட்டத்தை அந்த ஆபியாகவே இருந்து ஆட வேண்டும். கடைசியில் ஜோயலின் மகள் போன்ற எல்லி, பழிவாங்கும் வாய்ப்பு கைக்கு வந்த நொடியில் ஆபியை விட்டுவிடுகிறாள். ஏமாந்துபோனதாக நினைத்தவர்களில் சிலர் ஆபிக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்கள். அவருடைய குழந்தையையும் விடவில்லை. நம் ஊரில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு எம்.என்.நம்பியாரைத் திட்டிய தலைமுறை ஒன்று இருந்தது. அந்த மனிதர் ஆண்டு தவறாமல் சபரிமலைக்குப் போன குருசாமி என்று தெரிந்தபிறகு திட்டு மரியாதையாகவும் மாறியது. அந்தக் கோபத்தில் ஒரு வெள்ளை மனம் இருந்தது. முகம் தெரியாத ஒருவர் தேடிப் பிடித்து ஒரு தாய்க்கு அனுப்பும் செய்தியில் அது இல்லை. கதையை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை என்பது அனுப்பியவருக்குத் தெரியும். தெரிந்தே, எளிதில் எட்டுகிற இடத்தில் இருப்பவரை அடிக்கிறார். மிரட்டல் எப்போதும் முடிவெடுத்தவரை விட்டுவிட்டு முகம் தெரிந்தவரிடம்தான் போய்ச் சேருகிறது.

வலிக்கும் முடிவுகள் எல்லாம் வாக்குத் தவறிய முடிவுகள் அல்ல என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தேனி மலையடிவார மக்களை வைத்து லெனின் பாரதி எடுத்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் வந்தது. ரங்கசாமி மலைக்குமேல் சுமை தூக்கிச் சம்பாதித்து ஒரு துண்டு நிலம் வாங்கப் பார்க்கிறான். நிலத்துக்கான பணம் கிடைக்கும் என்று நம்பிச் சுமந்து வரும் ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறுகிறது. பின்னால் எப்படியோ வாங்கியும் விடுகிறான், இழந்தும் விடுகிறான். கடைசியில் தன் நிலத்தில் நட்ட காற்றாலைக்கே காவலாளி உடுப்பில் உட்கார்ந்திருக்கிறான். பார்த்தவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. அவனுக்கு நிலம் திரும்பக் கிடைத்திருந்தால் அரங்கை விட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் அந்த மலைப்பாதையில் சுமை தூக்கியே தேய்ந்தவர்களுக்கு அந்த நிம்மதி ஒரு பொய்யாக இருந்திருக்கும். அவர்களைப் பற்றிய படத்தில் நம் ஆறுதலுக்காக அவர்களுடைய இழப்பை அழிக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ‘மாஸ் எஃபெக்ட்’ ரசிகரிடம் வாக்கு கொடுத்துவிட்டுக் குறைத்துக் கொடுத்தது. இந்தப் படம் யாருக்கும் நல்ல முடிவு வாக்களிக்கவில்லை. எல்லி ஆபியை விட்டுவிடுவதும் இந்த வகையில் சேர்வதுதான். பழி தீராமல் போகும் கசப்பை ஆடுபவர் சுமக்க வேண்டும் என்பதே அந்தக் கதை கேட்டது.

தீராத ஒரு சிக்கல் இதில் மிச்சம் இருக்கிறது. கல்கிக்குக் கடிதம் எழுதியவர் அஞ்சல் அட்டை வாங்கி, உட்கார்ந்து யோசித்து, தன் பெயரும் ஊரும் போட்டு அனுப்பினார். இன்றைக்குப் பணிவான ஒரு வரியை லட்சம் பேர் ஒரே இரவில் ஒருவருக்கு அனுப்ப முடியும். அதில் ஒரு வரியில்கூட மிரட்டல் இருக்காது, ஆனாலும் மறுநாள் காலையில் அந்த மனிதரால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போகலாம். லட்சத்தில் ஒருவராக எழுதியவர் தான் ஒரு வரிதானே எழுதினேன் என்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆகவே எழுதுவதற்குமுன் யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்ப்பது ரசிகரின் கடமையில் சேர்ந்துவிட்டது: முடிவெடுத்த நிறுவனத்துக்கா, அதில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவருக்கா. நிறுவனத்துக்கு எழுதும் ஆயிரமாவது கடிதத்தில் தவறில்லை. நடிகைக்கு எழுதும் முதல் கடிதமே வேண்டாதது. நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாக்கைக் கொடுத்தது அவர்கள். கோபம் வரும்போது முகத்தைக் காட்டி நின்று பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான், குரல் கொடுத்தவர்களை முன்னே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்கு இல்லை.