காணாமற்போன சைக்கிளும் கைவிடக்கூடாத உண்மையும்

ஒரு சிறு பொய்யினால் ஓர் ஏழையின் பெரும் நஷ்டம் தீருமானால், அந்தப் பொய்யைச் சொல்லலாமா? கேள்வி பழையதுதான். ஆயினும் நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளைக் கொண்டு இதனைச் சிந்தித்தால், அது நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது விளங்கும்.

சிங்கப்பூரில் சைக்கிள் சிலருக்குப் பொழுதுபோக்கு, பலருக்கோ பிழைப்பு. கடைச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும், விடியுமுன் வேலைக்குப் புறப்படுபவருக்கும் அதுதான் கால். அடுக்குமாடி வீடுகளில் இடம் குறைவு. ஆகவே சைக்கிள் பெரும்பாலும் பொது நடைவழியிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ நிற்கிறது. நடைவழியிலும், ஆபத்து வேளையில் மக்கள் தப்பிச் செல்லக் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் விட்டுத்தான் பொருள் வைக்கவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

இனி காப்புறுதிக்கு வருவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கடனில் வீடு வாங்கியோர் கட்டாயமாக எடுக்கும் தீக் காப்புறுதி, கட்டடத்தையும் கழகம் அமைத்துக் கொடுத்தவற்றையும் மட்டுமே காக்கும். நாம் வாங்கி வைத்த அலமாரியும் சைக்கிளும் அதில் அடங்கா. இதை அறியாதார் நம்மில் அநேகர். அவற்றைக் காக்க வீட்டுப் பொருள்களுக்கென்று தனிப் பாலிசி எடுக்கவேண்டும். அதிலும் வீட்டினுள் இருந்த பொருளா என்பதே முதற் கேள்வி. கதவையோ பூட்டையோ உடைத்துப் புகுந்த அடையாளம் வேண்டும் என்று பல பாலிசிகள் கேட்கின்றன. சைக்கிளை அறவே விலக்கியவையும் உண்டு. கூடுதல் பணம் பெற்றுக்கொண்டு வெளியிடத்திலும் அதைக் காப்பவையும் உண்டு.

ஒருவர் பத்து ஆண்டுகளாகத் தவறாமல் பணம் கட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவையும் இழப்பீடு கேட்டதில்லை. கீழ்த்தளத்தில் பூட்டி வைத்த அவருடைய சைக்கிள் ஓரிரவில் களவு போய்விடுகிறது. நண்பர் ஒருவர் வந்து, "வீட்டுக்குள் இருந்ததாக எழுதிக் கொடுங்கள். நானும் பார்த்ததாகச் சொல்கிறேன். கம்பெனிக்கு இது எம்மாத்திரம்?" என்கிறார். இன்னொருவர், "விலையையும் சற்றுக் கூட்டிப் போடுங்கள், எப்படியும் குறைத்துத்தான் கொடுப்பார்கள்" என்கிறார். இவர்கள் தீயவர்கள் அல்லர்; இரக்கத்தினால் பேசுகிறார்கள். ஆகவே இவர்களுடைய வாதத்தைத் தள்ளிவிடாமல் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலாவது, பணம் யாருடையது? கம்பெனி கொடுக்கும் இழப்பீடு ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. ஆயிரம் வீட்டார் கட்டிய பணம் ஓரிடத்தில் சேர்ந்து, அதிலிருந்தே பாதிக்கப்பட்டவருக்குப் போகிறது. பொய்க் கணக்குகள் பெருகினால் அடுத்த ஆண்டு எல்லோருடைய கட்டணமும் ஏறும். ஏறிய கட்டணத்தைக் கட்ட முடியாமல் பாலிசியை விட்டுவிடுபவர் பணக்காரராக இருக்கமாட்டார். நம்மைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார். கம்பெனியின் பையில் கைவிட்டதாக நினைத்தோம். கை போனதோ அண்டை வீட்டாரின் பைக்குள்.

இரண்டாவது, பத்தாண்டு கட்டிய பணம் வீணாயிற்றா? இரவுக் காவலாளிக்குக் கூலி கொடுக்கிறோம். பத்து ஆண்டும் திருடன் வரவில்லை என்பதற்காகக் கூலியைத் திருப்பிக் கேட்கிறோமா? அச்சமின்றி உறங்கியதற்கே அக்கூலி. பாலிசியும் அப்படித்தான்; சேமிப்பு உண்டியலன்று.

மூன்றாவது, பொய் ஒன்றோடு நிற்குமா? களவுக்கு இழப்பீடு கேட்டால் போலீஸ் புகாரைக் காட்டவேண்டியிருக்கும். அங்கேயும் அதே பொய்யை எழுதவேண்டும். பொது ஊழியரிடம் பொய்த் தகவல் தருவது இந்நாட்டுத் தண்டனைச் சட்டப்படி குற்றம். சைக்கிளை இழந்தவர் பெயரையும் இழக்கலாமா?

"கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? பொடி எழுத்தில் நிபந்தனைகளைப் புதைத்து வைத்திருக்கிறார்களே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லும் வழக்கொன்று நமக்குப் பக்கத்து ஊரைப் பற்றியது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய பென்கூலன் தெரு, சுமத்ராவிலுள்ள பென்கூலன் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. அங்கே ஆங்கிலேயருக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டால் இழப்பீடு தரவேண்டும் என்று, கோட்டை ஆளுநர் கார்ட்டருக்காக லண்டனில் காப்புறுதி எடுக்கப்பட்டது. 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்புறுதிக்காரர் பணம் கொடுக்க மறுத்தார். 1766இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். காப்புறுதி நல்லெண்ணத்தின்மேல் நிற்கும் ஒப்பந்தம், தெரிந்ததை மறைக்கலாகாது, இக்கடமை இரு தரப்புக்கும் உரியது என்பது அதன் சாரம். முடிவில் தோற்றவர் காப்புறுதிக்காரரே. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் காப்புறுதிச் சட்டம் பேசுவோர் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுகின்றனர்.

ஆகவே கம்பெனி மறைத்தால் அதுவும் மோசடியே. நனைந்த தானியத்தை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பும் வியாபாரிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஆனால் ஒருவனுடைய கள்ளத் தராசு மற்றவனுக்குக் கள்ளப் படியைப் பயன்படுத்த அனுமதிச் சீட்டாகாது. வாங்கும்போது நிறைத்து அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. கம்பெனி மறுத்தது அநியாயம் என்று தோன்றினால், 2005இல் ஏற்பட்ட நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தில் முறையிடலாம். அங்கே உண்மையோடு போகிறவனுக்கே பேச நாவிருக்கும்.

வணிகக் காப்புறுதி மார்க்கத்தில் கூடுமா என்பது ஆலிம்களின் துறை. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான கட்டணத்துக்கு நடக்கும் வணிகக் காப்புறுதியில் பெரும் நிச்சயமின்மை இருப்பதாகக் கூறி அதை மறுத்தது. ஒருவருக்கொருவர் உதவ நன்கொடையாகச் சேர்க்கும் கூட்டுறவு முறையை அதற்கு மாற்றாகக் காட்டியது. ஆனால் எந்த முறையாயினும் பொய் அதில் ஹலாலாகிவிடாது. கூட்டுறவு நிதியில் பொய்க் கணக்குக் கொடுப்பவன் அமானிதத்தையே களவாடுகிறான்.

அப்படியானால் சைக்கிளை இழந்தவர் என்ன செய்வது? இங்கேதான் நம்மை நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். அவருக்காகப் பொய்ச் சாட்சி சொல்ல அந்த நண்பர் உடனே முன்வந்தார். அதற்கு அவர் கையிலிருந்து ஒரு காசும் செலவில்லை. அறுநூறு வெள்ளி சைக்கிளுக்கு இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு முப்பது வெள்ளி போட்டால் ஒரே நாளில் புதிது வந்துவிடும். பிறர் பணத்தில் இரக்கம் காட்டுவது எளிது. தம் பணத்தில் காட்டுவதே தர்மம். நாவைக் கடன் கொடுக்கும் சமுதாயத்தைவிடக் கையைக் கடன் கொடுக்கும் சமுதாயமே மேலானது.

சகோதரர்களே! ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன்மீது பாரத்தைப் போடலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற வழியையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டினார்கள். சைக்கிளை நல்ல பூட்டால் பூட்டுங்கள். பாலிசி எடுக்குமுன், அது எங்கே நிற்கிறது, எதற்குப் பயன்படுகிறது, என்ன விலை என்பதைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காணாமற்போனால் நின்ற இடத்தையே சொல்லுங்கள். பணம் வந்தால் அது நமக்கு ஹலால். வராவிட்டால், போனது சைக்கிள் மட்டுமே.