பழஞ்சுவரும் புதுச்செங்கல்லும்

சிங்கப்பூரில் இன்று பொதுப் பூங்காவாகத் திகழும் போர்ட் கானிங் குன்றின் செங்கற் சுவர்களைக் கண்டோர் நம்முள் பலராவர். அக்குன்றின் சரிவிலிருந்த கிறித்தவர் இடுகாடு 1865-இல் மூடப்பட்டது. பின்னாளில் கல்லறைகள் அகற்றப்பட, பெயர் பொறித்த கற்கள் பல சுவரிற் பதிக்கப்பட்டன.

இத்தகைய சுவர் சிதையுங்கால், இடையே வைக்கும் புதுக்கல்லைப் பழங்கல்லெனத் தோன்றச் செய்தல் அறமாகுமா? அழகு கெடாதிருக்க மறைத்தலே முறை என்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம்.

சுண்ணாம்புச் சாந்து செங்கல்லினும் மென்மையானது, ஈரத்தை வெளிவிடும், வெடிப்பைத் தானே ஏற்கும். சிமிட்டிச் சாந்தோ வலிது. ஈரம் அதனூடு செல்லமாட்டாமல் கல்லினுள்ளே தங்க, கல்லின் முகம் பொரிந்து உதிரும். காக்க வந்த சாந்தின் வலிமையே பழஞ்சுவருக்குப் பகையாதல் காண்க. ஆதலின் சாந்திலும் கல்லின் அளவிலும் பழமைக்குப் பணிதல் கடன். ஆயின் கரி பூசிப் புதுக்கல்லுக்கு முதுமை வேடம் கட்டுதல் பணிவன்று, பொய். 1877-இல் இலண்டனில் பழங்கட்டடக் காப்புக் கழகத்தைத் தோற்றுவித்த வில்லியம் மாரிஸ் முதலியோர் எதிர்த்ததும் இவ்வகைப் போலியையே.

பிறிதொன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் செங்கல் சுட்டோருள் இந்தியக் கைதிகளும் இருந்தனர். பதித்த கற்களில் இறந்தோர் பெயர் உண்டு. சூளையில் உழன்றோர் பெயர் எச்சுவரில் உண்டு? இன்று கரணை பிடிப்பவனின் கைவேலையையும் கறை பூசி மறைப்போமாயின், அவனையும் அவ்வரிசையிலே சேர்த்தவராவோம். ஓரத்துக் கல்லொன்றில் அவன் பெயரையும் ஆண்டையும் பொறித்து வைத்தால் சுவருக்கு என்ன குறை?