பேசாத பிள்ளையும் காத்திருந்த பெரியவரும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆட்டிசம் உடைய பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டிமார் நம்மிடையே பலர் உளர். ‘என்றேனும் பேசுவானா?’ என்பதே அவர்களுடைய ஏக்கம். இவ்வாசையை எவ்விதம் கொள்வது தகும் என்று சிறிது ஆராய்வோம்.

முத்துக்குப் பேர்பெற்ற கொற்கையை நோக்கி ஓடும் தாமிரபரணியின் கரையில், ஆழ்வார்திருநகரியில் அவதரித்தார் நம்மாழ்வார். அவர் பிறந்தபோது அழவில்லை, பாலுண்ணவில்லை, 16 ஆண்டுகள் பேசவுமில்லை என்று குருபரம்பரை கூறும். ஆழ்வாருடைய மௌனம் பகவதநுபவத்தால் ஆனது. இப்பிள்ளைகளின் நிலையை அதனோடு ஒப்பிடுகிறோமல்லோம். நாம் கற்கவேண்டுவது மதுரகவிகளிடம்.

வயதில் மூத்தவரான அவர் திருப்புளியாழ்வாரடியில் ஒரு கேள்வியைக் கேட்டு, விடை பெற்றதும் அவ்விளையவர்க்கே சிஷ்யரானார். ஓதுவிக்க வரவில்லை, கேட்க வந்தார்.

பேரன் நம்மைப்போல் ஆகவேண்டும் என்பது ஓராசை. அவன் அறிவிப்பதை நாம் அறியவேண்டும் என்பது மற்றோராசை. முன்னது கைகூடாதபோது அன்பு சலிக்கும். பின்னதற்கு நாள்தோறும் பலனுண்டு: விரல்பிடித்து இழுப்பதும், காதைப் பொத்திக்கொள்வதும் அவனுடைய சொற்களே. பேச்சுப் பயிற்சியை விடவேண்டா. அன்பை அதற்குப் பிணையாக வைக்கவும் வேண்டா.

வாக்கு கரணத்தைச் சேர்ந்தது. எம்பெருமானுக்குச் சேஷமாயிருத்தலோ ஆத்மாவின் ஸ்வரூபம். பேசாமையால் அது குறைவதில்லை. ஆகவே ஸந்நிதியில் அவன் குரலெழுப்பினால், கோஷ்டியிலுள்ள நாம் முகம்சுளியாதிருப்போம். ‘நமக்குப்பின் இவனுக்கு யார்?’ என்று அஞ்சும் பாட்டிக்கு நாம் சொல்லக்கூடிய விடை அங்கே தொடங்குகிறது.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.