சத்திரத்தில் இடம் உண்டா?

பார்லிமெண்டுத் தேர்தல் நெருங்குகிற காலங்களில், ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது தவறாமல் காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு: "சாமி, இந்தத் தடவை யாருக்கு வோட்டுப் போடலாம்?" இந்தக் கேள்விக்குப் பங்கு மடலில் பதில் தேடாதீர்கள். கட்சிக் கொடி பிடிப்பது பீடத்தின் வேலையன்று. ஆனால், "எதை வைத்து வோட்டை நிறுப்பது?" என்று கேட்டால், அதற்கு விடை சொல்லத் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டில், வோட்டுப் போடுவது உரிமை மட்டுமன்று, பொதுநலத்தை முன்னிட்டுச் செய்ய வேண்டிய கடமையும் ஆகும் என்று போதித்தது. கடமை என்றால் அதற்கு ஆத்தும சோதனையும் உண்டு அன்றோ?

அந்தச் சோதனையில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். அது நோயாளிகளைப் பற்றியது. பொதுத் தீர்வை நாளில் நமதாண்டவர், நாம் எந்தக் கட்சியில் இருந்தோம் என்று விசாரிக்கப் போவதில்லை. நோயுற்றுக் கிடந்த தம்மை நாம் வந்து பார்த்தோமா என்றே விசாரிக்கப் போகிறார். ஆகையால் நோயாளியைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், அது பொதுக்கூட்ட மேடையில் எழுந்தாலுங்கூட, கிறிஸ்தவன் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

நல்ல சமாரியனின் உவமையை ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அதில் நாம் கவனியாமல் தாண்டிப்போகிற ஒருவன் உண்டு. அவன்தான் சத்திரக்காரன். சமாரியன் காயங்களைக் கட்டினான். அடிபட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றினான். அத்தோடு அவன் வேலை முடிந்துவிடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் ஏற்றுக்கொண்டான். அந்த வழியில் சத்திரமே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அல்லது சத்திரக்காரன், "இங்கே இடமில்லை, அடுத்த ஊருக்குப் போ" என்று கதவைச் சாத்தியிருந்தால்? சமாரியனுடைய அன்பு முழுவதும் அந்தக் கதவுக்கு வெளியே கைபிசைந்து நின்றிருக்கும்.

இது வெறும் கற்பனையன்று. 1992-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், மேற்கு வங்காளத்தில், விவசாயக் கூலி வேலை செய்யும் ஓர் ஏழை ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வசதி இல்லை என்று மேலே அனுப்பினார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகள். ஓரிடத்தில் கட்டில் காலியில்லை. ஓரிடத்தில் தக்க சிகிச்சை இல்லை. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சுமார் 17,000 ரூபாய் செலவு செய்து பிழைத்தார். அவரைச் சுமந்து செல்ல மனிதர் இருந்தார்கள்; சத்திரந்தான் இல்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996-ம் ஆண்டில் நீதிபதிகள், உயிர் வாழும் உரிமையில் அவசர சிகிச்சை பெறும் உரிமையும் அடங்கும் என்றும், பணமில்லை என்று சொல்லிச் சர்க்கார் இக்கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் செய்தார்கள்.

இப்போது நமக்கு முன் நிற்கும் கேள்வி இதுதான்: நோயாளிக்குச் செய்யும் உதவி தருமமா, நீதியா? தருமம் என்றால், கொடுத்தால் புண்ணியம். கொடாவிட்டால் கேட்பாரில்லை என்று நினைக்கிறோம். நீதி என்றால், அது அவனுக்குச் சேர வேண்டியது, கொடாதவன் கடன்காரன். பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1963-ம் ஆண்டில் வெளியிட்ட "பூமியில் சமாதானம்" என்ற நிருபத்தில், உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றோடு மருத்துவ உதவியையும் மனிதனுடைய உரிமைகளின் வரிசையில் வைத்தார். உரிமை என்று ஒன்று இருந்தால், அதை நிறைவேற்றும் கடமை யாருக்காவது இருந்தே தீர வேண்டும். காய்ச்சலில் கிடக்கிற அண்டை வீட்டானுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஒரு குடும்பம் போதும். சிறுநீரகம் கெட்டவனுக்கு வாரந்தோறும் இரத்தம் சுத்திகரிக்க ஒரு குடும்பத்தால் ஆகுமா? அது ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர். அந்தத் தேரின் வடத்துக்குத்தான் வரி என்று பெயர். அதை எந்தப் பக்கம் இழுப்பது என்று சொல்லுகிற வாய்க்குத்தான் வோட்டு என்று பெயர்.

நம் தேசம் இதை அறியாததன்று. சுதந்திரத்துக்கு முன்பே, 1946-ல், போர் கமிட்டி தன் அறிக்கையில், கையில் காசில்லை என்ற காரணத்தால் ஒருவனுக்கும் தக்க சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்று எழுதியது. பொதுமக்களின் சுகாதாரத்தை உயர்த்துவது ராஜ்யத்தின் முதன்மையான கடமைகளில் ஒன்றென அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவும் சொல்லுகிறது. ஆஸ்பத்திரி மாநிலத்தின் பொறுப்பு, டில்லித் தேர்தலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். நிர்வாகம் மாநிலத்தினுடையது என்பது மெய்தான். ஆனால் தேச முழுவதற்குமான திட்டங்களும், அவற்றுக்கான பெரும்பணமும் டில்லியில்தான் தீர்மானமாகின்றன.

கட்சிகளும் இதை அறிந்தே பேசுகின்றன. 2018-ம் ஆண்டில் மத்திய சர்க்கார், ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியது. 2024-ம் ஆண்டுத் தேர்தலில், 70 வயது நிறைந்த எல்லாரையும் வருமானம் பாராமல் அதில் சேர்ப்பதாகப் பாரதிய ஜனதா கட்சி வாக்களித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது நடைமுறைக்கும் வந்தது. காங்கிரஸ் கட்சியோ, ராஜஸ்தான் முறையைப் பின்பற்றி 25 லட்ச ரூபாய் வரை எல்லாருக்கும் காப்பீடு என்று வாக்களித்தது. 5 பெரிதா, 25 பெரிதா என்று கணக்குப் போடுவதோடு நம் யோசனை நின்றுவிட்டால், ஏலம் கேட்கிறவனுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. ஆகையால் எந்தத் தேர்தல் அறிக்கை கையில் கிடைத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதலாவது: இதில் விடுபடுகிறவன் யார்? அட்டை இல்லாதவன், ஊர்விட்டு ஊர் வந்து கட்டட வேலை செய்கிறவன், கையெழுத்துப் போடத் தெரியாத கைம்பெண், மனநோயாளி ஆகிய இவர்கள் உள்ளே இருக்கிறார்களா? மந்தையில் தொண்ணூற்றொன்பதை எண்ணிவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடச் சென்றவருடைய சீஷர்கள் நாம்.

இரண்டாவது: படுக்கையில் விழுந்த பிறகு மட்டுமா, விழுவதற்கு முன்னுமா? இன்ஷூரன்ஸ் திட்டம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவனுக்கே உதவுகிறது. சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிற தாய்க்கு 25 லட்சக் காகிதத்தால் என்ன பயன்? பக்கத்தில் மருந்தும் டாக்டரும் உள்ள சுகாதார நிலையமே அவளுக்கு வேண்டும். மருந்தை மொத்தமாக வாங்கிச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப 1994-ல் தமிழ்நாட்டில் ஏற்படுத்தப்பட்ட கழகமும், 2021-ல் அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கிய திட்டமும் இவ்வகையில் நல்ல முன்மாதிரிகள்.

மூன்றாவது: பணம் எங்கே? 2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் தேச உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சர்க்கார் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று குறித்தது. 2021-22-ம் ஆண்டுக் கணக்கில், கொள்ளைநோய்க் காலமாயிருந்தும், அது 1.84 சதவீதமே. சுகாதாரத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் ஜனங்கள் தங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாயிருந்து, 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்தது. இது மகிழத்தக்கதே. ஆனால் அந்த 39-க்குள்ளேதான் அடகு வைத்த தாலிகளும், விற்ற ஆடு மாடுகளும், படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

சிலர் ஆட்சேபிக்கலாம்: "எல்லாவற்றையும் சர்க்காரே செய்தால் நமது பிறரன்புக்கு வேலை என்ன?" பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1931-ம் ஆண்டிலேயே இதற்கு விடை தந்திருக்கிறார். சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளலாகாது என்றார் அவர். சர்க்கார் கட்டில் கொடுக்கலாம்; கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளச் சர்க்காரால் ஆகாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டாக்டர் மேரி குளோரி என்னும் கன்னியாஸ்திரீ, 1920 முதல் ஆந்திரத்துக் குண்டூரில் ஏழைப் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். 1943-ல் இந்தியக் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளின் சங்கத்தை அவரே நிறுவினார். சர்க்கார் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அதே மூச்சில் நம்மையும் நாமே கேட்டுக்கொள்வோம்: சிலுவையை வாசலில் தாங்கிய ஆஸ்பத்திரிகளில் முன்பணம் கட்ட முடியாத ஏழைக்கு இன்றும் இடம் உண்டா? கட்சிகளைச் சோதிக்கும் அதே தராசு நம் வீட்டுக்கும் பொருந்தும்.

வேறு சிலர், "எங்கள் குடும்பத்துக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்பார்கள். எரிக்கோ வழியில் ஒதுங்கிப் போன குருவும் லேவியனும் காயப்படாதவர்களே. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. தங்களுக்கு வராத துன்பத்தைத் தங்கள் காரியமாக எண்ணவில்லை. அதுவே அவர்கள் குற்றம். வோட்டு என்பது நமக்காக மட்டும் கொடுக்கப்பட்டதன்று. வாய் பேச முடியாமல் கட்டிலில் கிடக்கிறவனுக்கும் அது வாய்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோயாளிகளைப் பற்றி நன்றாகப் பேசுகிற கட்சி வேறு காரியத்தில் பிசகாயிருக்கலாம். தாயின் உதரத்திலுள்ள சிசுவைக் கொல்ல 1971-ம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 2021-ல் அதன் வரம்பு மேலும் விரிக்கப்பட்டது. உயிரைக் காக்கும் கலையை உயிரைப் போக்கவும் உபயோகிப்பதை நாம் எக்காலத்திலும் சம்மதிக்க முடியாது. குறையற்ற அபேட்சகர் கிடைப்பது அரிது. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உள்ளதை உள்ளபடி விசாரித்து, செபித்து, மனச்சாட்சி காட்டுகிறபடி அதிக நன்மைக்கு வழிசெய்கிறவரைத் தேர்ந்துகொள்வதே. நல்ல மனதுள்ள இருவர் இதில் வெவ்வேறு முடிவுக்கு வரலாம். அதற்காக ஒருவரையொருவர் குற்றம் சொல்லலாகாது. ஆனால் வோட்டுக்குப் பணம் வாங்குகிறவனுக்கு இந்தச் சமாதானம் இல்லை. அவன் விற்கிறது தன் வோட்டை மட்டுமன்று. நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி அனுப்பப்படப் போகிறவனுடைய கட்டிலையும் சேர்த்து விற்கிறான்.

ஆகையால், தேர்தல் அறிக்கைகளை வாசிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் நீண்ட நாளாகப் படுத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். முடிந்தால் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மாதம் மருந்துக்கு எவ்வளவு ஆகிறது, கடைசியாக எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று விசாரியுங்கள். திரும்பி வரும்போது, எந்தக் கட்சியின் அறிக்கை அந்த வீட்டு வாசல்வரை வருகிறது, எது தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

வியாதிக்காரருக்கு ஆரோக்கியமாயிருக்கிற தேவதாய், அந்தக் கட்டில்களை மறவாத மனதோடு நாம் வோட்டுச் சாவடிக்குப் போக நமக்காக வேண்டிக்கொள்வார்களாக.