பிரசங்கம் இல்லாத ஊழியம்

கிழக்கிலங்கையின் கல்முனையில் பாங்கொலி, கோயில் மணி, தேவாலய மணி மூன்றும் அடுத்தடுத்துக் கேட்கும். முஸ்லிம்களும் இந்துக்களும் நிறைந்த ஊரில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். ஊர் அவர்களை அறிந்தது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தால்தான்.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் கல்முனை மெதடிஸ்த பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். கிறிஸ்தவராகவில்லை, இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி, சுவாமி விபுலானந்தரானார். மதம் மாற்றத்தான் மிஷன் பள்ளிகள் என்ற குற்றச்சாட்டு முழுப் பொய்யல்ல. இந்த மாணவர் விடயத்தில் அது பலிக்கவில்லை, அவ்வளவுதான்!

அதே மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் லூசியானாக்காரரான இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட். 1990இல் கொலையும் பழிவாங்கலும் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்த நாட்களில் மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்தார். ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்துசேரவில்லை.

ஹீபர்ட்டின் சபைத் தோழர் ஹரி மில்லர் 1948இலேயே மட்டக்களப்புக்கு வந்தவர். காணாமல்போனோரின் விவரங்களைப் பதிவுசெய்து, உறவினருக்காக அதிகாரிகளிடம் அலைந்தார். முதுமையில் ஓய்வுக்காக அமெரிக்கா அனுப்பினார்கள். அங்கே பொருந்தவில்லை, மட்டக்களப்புக்கே திரும்பிவிட்டார்.